இரணைமடுவுக்கு மேலே ஓர் ஆறு இருக்கிறது

ஆவணியில் எங்கள் கனகராயன் ஆறு ஓடாது. மணல்தான் கிடக்கும். அந்த மணலைக் கிண்டித்தான் நாங்கள் குடிதண்ணீர் அள்ளினோம்.

அம்மம்மா சிரட்டையால் கிண்டுவார். முழங்கை ஆழம் போனதும் மணல் கறுக்கும். இன்னும் ஒரு சாண் போனால் அடியில் தண்ணீர் கசியும். முதலில் ஊறுவதை இறைத்து ஊற்றிவிட வேண்டும், அது கலங்கல். இரண்டாம் தரம் ஊறுவதும் அப்படித்தான். மூன்றாம் தரம் ஊறுகிற தண்ணீரில் சிரட்டையின் அடி தெரியும். குடத்தின் வாயில் பழைய வேட்டித்துண்டைக் கட்டி அதில் வார்ப்பார். புறப்படும்போது மாடு மிதித்துவிடாமல் ஊற்றின்மேல் ஒரு மருதங்கிளையை இழுத்துப் போட்டுவிட்டு வருவார். பின்னால் வருகிற ஆள் கிளையை விலக்கி அள்ளிக்கொண்டு, திரும்பவும் மூடிவைக்கும். அதை யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை.

போன ஆவணியில் தரம் 9 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வளைவுக்குப் போனேன். ஒரு பிள்ளை தோள்வரை கையை விட்டுக் கிண்டினாள். மணல் முடிந்து களி வந்தது. களியும் காய்ந்து வெடித்திருந்தது. "ரீச்சர், இதில தண்ணி அள்ளிக் குடிச்சனீங்கள் எண்டது உண்மையோ?" என்று கேட்டாள். நான் பொய் சொல்லுகிறேன் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் அவள் கண்முன்னே கிடந்த ஆற்றில் அதற்குச் சாட்சி எதுவும் இல்லை.

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தின் வடக்கில் பிறந்து, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களூடாக வடக்கே போய்ச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. நீளம் 86 கிலோமீற்றர் அளவு. பெரிய ஆறு என்று சொல்லமாட்டேன். மன்னார்ப் பக்கம் போகிற அருவியாறு இதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம். பாலியாறு, பறங்கியாறு, பேராறு என்று வன்னியின் மற்ற ஆறுகளைப்போலவே இதுவும் மாரி ஆறு. ஐப்பசியில் வாடை மழை இறங்கினால் தைவரை ஓடும், பிறகு மெல்ல மெல்ல மணலுக்குள் போய்விடும். வெளியிலிருந்து வருகிறவர்கள் வைகாசியில் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு "ஆறு செத்துப்போச்சு" என்பார்கள். சாகவில்லை. கோடையில் அது இருக்கிற இடம் மணலுக்கு அடியில். மேல்மணல் காய்ந்து போர்வையாகிவிட, அதற்குக் கீழே வெயில் எட்டாது. கரையிலுள்ள கிணறுகளும் மருதமரங்களும் கோடை முழுக்க அந்த மறைந்த ஆற்றில்தான் உயிர் பிடித்து நிற்கின்றன.

ஆகவே மணல் போனால் என்ன போகிறது? வகுப்பில் இதை அளந்து பார்த்தோம். பத்து லீற்றர் வாளி நிறையக் காய்ந்த ஆற்றுமணல், அதன்மேல் மெல்ல மெல்லத் தண்ணீர். மணலின் மேற்பரப்பில் தண்ணீர் மினுங்கத் தொடங்கும்போது மூன்று லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்றியிருந்தோம். பிறகு கரும்பலகையில் கணக்கு. ஒரு கியூப் மணல் என்பது 100 கன அடி. அதற்குள் 30 கன அடி தண்ணீர் நிற்கலாம், லீற்றரில் ஏறத்தாழ 850. மூன்று கியூப் ஏற்றுகிற டிப்பர் ஒன்று போனால் 2,500 லீற்றர் நிற்கிற இடம் போகிறது. அதில் ஒரு பங்கு மணலோடேயே ஒட்டிநின்றுவிடும், முழுவதையும் அள்ள முடியாது என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த இடம் ஒவ்வொரு மாரியிலும் திரும்ப நிரம்புகிற இடம். கடையில் வாங்கும் ஆயிரம் லீற்றர் தாங்கி என்ன விலை என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கணக்கு முடிந்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வாங்கில் இருந்த ஒருவன், "எங்கட அண்ணா ஒரு இரவில நாலு லோட் ஏத்துவார் ரீச்சர்" என்றான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் வீட்டுச் சுவரிலும் இந்த ஆற்று மணல்தான் இருக்கிறது. போர் முடிந்து, 2010இல் முகாமிலிருந்து வந்து தறப்பாளுக்குக் கீழ் இருந்தோம். பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு கட்டினோம், சீமெந்துக் கல் அரிய மணல் வேண்டும், பூச மணல் வேண்டும். அந்த மணலை எடுக்காதே என்று எந்த வாயால் சொல்வது? எரிந்துபோன ஊரைத் திரும்பக் கட்டுவதற்கு ஆறு கொடுத்த மணல் அது. நான் அதைத் தவறு என்று நினைக்கவில்லை. தவறு அதற்குப் பிறகு வந்தது. எங்கள் வீடுகள் முடிந்த பிறகும் ஏற்றுவது நிற்கவில்லை. உழவு இயந்திரப் பெட்டி போய் டிப்பர் வந்தது, பகல் போய் இரவு வந்தது. 2019 டிசம்பரில் மணல் கொண்டுபோவதற்கான அனுமதிப்பத்திரமே தேவையில்லை என்று அரசு அறிவித்தபோது, வீதியில் மறித்துக் கேட்க இருந்த ஒரே கேள்வியும் இல்லாமல் போனது. அந்த மாதங்களில் ஆற்றங்கரையில் நித்திரை கொண்டவர்கள் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லக் கஷ்டமாக இருந்தாலும். நாங்கள் வந்த புதிதில் ஆற்றங்கரை நெடுகச் சிவப்புப் பலகை நின்றது. மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகை. அந்த நாட்களில் கரைக்கு ஒருவரும் இறங்கவில்லை. நாணலும் புங்கும் நாவலும் மருதங்கன்றுகளும் கரையை மூடி வளர்ந்தன. வெடி அகற்றுகிறவர்கள், அவர்களில் பலர் எங்கள் பெண்பிள்ளைகள், வெயிலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி அந்தக் கரையை எங்களுக்குத் திருப்பித் தந்தார்கள். பலகை எடுத்த அடுத்த கோடையில் அதே பாதையால் டிப்பர் இறங்கியது. அந்தப் பிள்ளைகள் உயிரைப் பணயம் வைத்துத் துப்புரவாக்கிய கரையை நாங்கள் இப்படிப் பயன்படுத்தினோம் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கரைக் கிணறுகளில் தண்ணீர் ஆடியிலேயே அடியைத் தொடுகிறது. ஆற்றின் தரை இறங்கினால் கரையின் நிலத்தடி நீரும் அந்தப் பள்ளத்துக்கு வடிந்துவிடும். இரண்டு பெரிய மருதுகள் வேர் வெளியே தொங்கிச் சரிந்தன. அவை என் அம்மம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இல்லாத நாளில் பட்டையைச் சுட்டு அந்தச் சாம்பலை எடுத்த மரங்கள்.

இனி இரணைமடுவுக்கு வருகிறேன். இந்த ஆறு என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது அந்தக் குளந்தானே. 1902இல் வேலை தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடித்தார்கள். பிறகு பல தரம் கட்டு உயர்ந்தது, இன்று முழு மட்டம் 36 அடி. ஒரு லட்சத்து ஆறாயிரம் ஏக்கர் அடிக்கு மேல் தண்ணீர் கொள்ளும். கிளிநொச்சியின் நெல்லில் ஒரு பெரும் பங்கு அதில்தான் விளைகிறது. கோடை விதைப்பான சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் பங்கு போட்டு விதைக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொடுப்பதா இல்லையா என்று பல வருடம் சண்டை நடந்தது. கமக்காரர் பயந்ததிலும் நியாயம் இருந்தது, உவர்க் கிணற்றுக்காரர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் கடலிடம் போனோம். 2024 ஓகஸ்டில் யாழ்ப்பாண மாவட்டத்துத் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது.

அத்தனை வருடப் பேச்சிலும் நான் காத்திருந்த ஒரு கேள்வி வரவே இல்லை. குளத்தில் இருக்கிற தண்ணீரை எப்படிப் பிரிப்பது என்று எல்லோரும் பேசினார்கள். குளத்துக்கு அது எங்கிருந்து வருகிறது, அந்த இடம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இரணைமடுவின் நீரேந்துப் பகுதி 227 சதுரமைல். அந்த 227 சதுரமைலுக்குள்தான் எங்கள் ஊர் இருக்கிறது. எங்களைப்போல எத்தனையோ ஊர். இரணைமடுவின் ஒரு சொட்டும் எங்கள் வயலுக்கு வராது, நாங்கள் மேலே இருக்கிறோம். ஆனால் எங்கள் காட்டில் விழுகிற மழைதான் கீழே போய் அந்தக் குளமாகிறது. காட்டை வெட்டினால் மண் கரைந்து போகும், போய் இரணைமடுவின் அடியில் படியும். கட்டை இரண்டு அடி உயர்த்த எவ்வளவு செலவானது! அடியில் சேறு ஏறுவதை நிறுத்த யார் செலவழித்தார்கள்?

2018 டிசம்பரில் ஓரிரவு மழையில் கதவுகளைத் திறந்துவிட வேண்டி வந்து கிளிநொச்சி வெள்ளத்தில் மூழ்கியது. கதவை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற விவாதம் மாதக்கணக்கில் நடந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அன்றிரவு எங்கள் ஊரில் நின்றவர்களுக்குத் தெரியும், தண்ணீர் வந்த வேகம் முந்தி வந்த வேகம் அல்ல. அந்த மழைக்கு எந்தக் காடும் முழுதாக ஈடு கொடுத்திருக்காது. என்றாலும் உடைந்து கிடந்த சிறுகுளங்கள் நல்ல நிலையில் இருந்திருந்தால் கொஞ்ச நேரமாவது தாங்கியிருக்கும்.

சிறுகுளங்களைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர் பெரியையா. எழுபத்தெட்டு வயது. அவருடைய தகப்பனார் வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்குக் குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டுப் பார்த்துக்கொள்கிறவராக, இருந்தவர். ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் உடைந்த குளம் ஒன்றின் கட்டில் ஏறி நின்றார். கட்டின்மேல் வீரையும் பாலையும் முளைத்திருந்தன.

"பிள்ளை, இது தனிக்குளமில்லை. இது நிரம்பி வான் பாய்ஞ்சா, மிச்சத் தண்ணி அந்தக் குளத்துக்குப் போகும். அது பாய்ஞ்சா அடுத்ததுக்கு. கடைசியா ஆத்துக்கு. எங்கட ஐயா சொல்லுவார், மேல்குளம் பிடிக்கிறது சேறு, கீழ்க்குளம் பிடிக்கிறது தண்ணி எண்டு."

"அப்ப இது உடைஞ்சா?"

"சேறும் தண்ணியும் சேர்ந்து கீழ போகும். வேறென்ன."

அலைகரையைக் காட்டினார். குளத்துக்குள் தண்ணீர் வந்து இறங்குகிற பக்கம். அந்தப் பக்கத்தில் மரம் தறிக்கக் கூடாது, புல்லுச் செருக்கக் கூடாது, மாட்டுப்பட்டி போடக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. புல் சேற்றை மறிக்கும், மரம் காற்றை மறித்துத் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இலங்கை உலர்வலயத்தின் தொடர்குள முறையை உலகம் காக்கவேண்டிய விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றது. அந்தச் செய்தியைப் பெரியையாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சந்தோஷப்பட்டார். பிறகு, "அப்ப இந்தக் கட்டை ஆர் கட்டித் தருவினம்?" என்று கேட்டார்.

ஊரில் ஆற்றையும் கரையையும் காக்கிற வேலையைத் தொடங்கியபோது எனக்கு வந்த முதல் எதிர்ப்பு மணல்காரரிடமிருந்து வரவில்லை. சாதாரண சனத்திடமிருந்து வந்தது. 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்தில் பயம். நாங்கள் முகாமில் இருந்த காலத்தில் வயல் பற்றையாகிப்போயிருந்தது. திரும்பி வந்தால் அதற்குள் ஒரு திணைக்களம் எல்லைக்கல் நட்டிருந்தது, இது காடு, உள்ளே போகாதே என்று. பாட்டன் உழுத வயலுக்கு உறுதியைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "காட்டைப் பாதுகாப்போம்" என்றால் என்ன நினைப்பார்கள்? ஓர் அக்கா முகத்துக்கு நேரே கேட்டார்: "ரீச்சர், நீங்கள் மரம் நட, நாளைக்கு அவங்கள் வந்து கல் நடமாட்டாங்களோ?" எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் முழுப்பதில் தெரியாது. ஆனால் அவர் கேட்டதற்குப் பிறகு ஒரு விடயத்தை மாற்றினோம். எந்த வேலையும் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, இது ஊரின் ஆற்றங்கரை, ஊர் பராமரிக்கிறது என்று கையொப்பம் வைத்துக் கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் பிரதி கொடுத்த பிறகே தொடங்குவது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதிந்த அமைப்பு அது, அதன் கூட்டக்குறிப்புக்கு ஒரு பெறுமதி இருக்கிறது. அந்த அக்காதான் இப்போது குறிப்புப் புத்தகத்தை வைத்திருக்கிறார்.

இரண்டாவது எதிர்ப்பு என் பழைய மாணவன். பெயர் வேண்டாம். கெட்டிக்காரன், கணக்கில் நல்ல புள்ளி எடுத்தவன். லீசிங்கில் உழவு இயந்திரம் எடுத்திருந்தான். மணல் ஏற்றுவதைத் தடுக்க நாங்கள் இரவுக்காவலுக்கு இறங்கிய முதல் கிழமை பாதையில் நின்று என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை. "ரீச்சர், மாசம் மாசம் கட்டவேணும். உழவு ரெண்டு மாசம், சூடடிப்பும் இப்ப மெசின். மிச்சப் பத்து மாசத்துக்கு நீங்கள் ஒரு வழி சொல்லுங்கோ, நான் ஆத்துக்கு வரமாட்டன்" என்றான்.

ஆற்றைப் பற்றிக் கதைக்கிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் எண்ணம். மணலில் பெரும்பணம் எடுக்கிறவன் எங்கள் ஊரில் இல்லை. இரவில் ஏற்றி, பொலிஸில் அகப்பட்டு, வழக்குக்கு அலைகிறவன்தான் எங்கள் ஊரில் இருக்கிறான். அவனை எதிரியாக்கினால் ஆறும் மிஞ்சாது, ஊரும் மிஞ்சாது. சிறுகுளம் ஒன்றின் கட்டுத் திருத்த வேலைக்கு நிதி வந்தபோது மண் ஏற்ற அவனுடைய பெட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் நின்று சண்டை பிடித்தேன். நான்கு மாத வேலை கிடைத்தது. பத்து மாதத்துக்கு அது போதாது. அவன் இடையில் ஒரு தரம் திரும்ப ஆற்றுக்கு இறங்கினான் என்று அறிந்தேன். கேட்கவில்லை.

மரம் நடுகையில் எங்கள் முதல் வருடம் முழுப் பிழை. கார்த்திகையில், மழை நல்லாகப் பெய்கிறது என்று, கரையோரமாக நூற்றுக்கணக்கில் மருதங்கன்று நட்டோம். படம் எடுத்தோம். மார்கழி வெள்ளம் வந்து கன்றையும் மண்ணையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. எஞ்சியதை மாசியில் மாடு தின்றது. பெரியையா ஒன்றும் சொல்லவில்லை, தை கழிய வந்து கரையின் மேல்விளிம்பைக் கோலால் தட்டிக் காட்டினார். "வெள்ளம் போன அடையாளம் இது. இதுக்கு மேல நடு. வேர் தானா இறங்கித் தண்ணியைத் தேடும்."

இரண்டாம் வருடம் குறைவாக நட்டோம். மரத்தடியில் கிடக்கும் ஐந்து சிறகுள்ள காய்களைப் பிள்ளைகள் பொறுக்கி, ஊறவைத்து, பையில் போட்டு முளைக்கப்பண்ணினார்கள். தைக்கடைசியில் வெள்ளம் வடிந்தபிறகு நட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி, வெட்டிய கிளைகளால் அலம்பல் அடைத்தோம். கோடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துக் கன்று பொறுப்பு. கிணற்றில் தண்ணீர் இல்லாத ஆடியில், முகம் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்து எடுத்து வந்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். நட்டதில் பாதிக்குக் கிட்ட நிற்கிறது. இடுப்பளவு.

போன மாசியில் கீழேயிருந்து ஆட்கள் வந்தார்கள். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற கமக்காரர், ஒரு சிறிய பஸ் நிறைய. எங்கள் அமைப்பின் தலைவருக்கு அங்கே சொந்தம் இருக்கிறது, அந்தச் சொந்தத்தைப் பிடித்துத்தான் கூப்பிட்டோம். வழியில் கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். முதலில் ஆற்றுப் பள்ளத்தைக் காட்டினோம், பிறகு உடைந்த குளம், பிறகு திருத்திய குளம். அவர்களில் ஒருவர், நாற்பது வருடமாக இரணைமடுவில் வயல் செய்கிறவர், திருத்திய குளத்தின் துருசடியில், தண்ணீர் திறந்துவிடுகிற மதகருகே, குந்தியிருந்து கனநேரம் தண்ணீரைப் பார்த்தார். அந்தக் குளத்தின்கீழ் முப்பது ஏக்கர்கூட இல்லை.

"நாங்கள் துருசைத் திறக்கிறதோட தண்ணி தொடங்குது எண்டு நினைச்சிருந்தம்" என்றார்.

பெரியையா அவரிடம் பழைய வழக்கம் ஒன்றைச் சொன்னார். வட்டவிதானைக்குச் சம்பளம் கிடையாது. சூடடித்த களத்திலேயே ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று கமக்காரர் அளந்து கொடுப்பார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவனுக்குத் தண்ணீரில் விளைந்ததில் பங்கு. "மேல இருக்கிற நாங்களும் உங்கட தண்ணியைத்தானே பார்க்கிறம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, அவர் சொன்னதுதான் இந்த ஆற்றுக்கு வேண்டிய ஏற்பாடு என்று படுகிறது. கீழே விளைகிற நெல்லில் ஒரு சிறு அளவு மேலே வந்தால், காவல் நிற்கிற பொடியனுக்கும் கன்றுக்குத் தண்ணீர் வார்க்கிற வீட்டுக்கும் உழவு இயந்திரக்காரனின் பத்து மாதத்துக்கும் ஒரு வழி பிறக்கும். வெளியிலிருந்து திட்டம் வந்து மூன்று வருடத்தில் பலகையை மட்டும் விட்டுவிட்டுப் போகிற கதை வேண்டாம்.

பங்குனி நடுவில் ஒரு நாள் பின்னேரம் ஏ-9 வீதியில் பஸ்ஸில் போட்டு இரண்டு மூட்டை நெல் வந்தது. கடிதம் ஒன்றும் இல்லை. சாக்கின் வாயில் பேனையால் எங்கள் ஊர்ப்பெயர் மட்டும் எழுதியிருந்தது. கூட்டம் வைத்தோம். குத்தி அரிசியாக்கி ஐயனாருக்குக் குளக்கட்டில் பொங்க வேண்டும் என்றார்கள் சிலர். விற்று இரவுக்காவலுக்கு டோர்ச் வாங்க வேண்டும் என்றார்கள் பொடியள். குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிற அக்கா, இதை விதைநெல்லாக வைத்துத் திருத்திய குளத்தின்கீழ் விதைத்து, வருகிறதைக் கணக்கில் போடுவோம் என்றார். என் பழைய மாணவன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். விதைக்கிறதென்றால் உழவு என்னுடையது, கூலி வேண்டாம் என்றான்.

முடிவாகவில்லை. மூட்டைகள் பள்ளிக்கூடக் களஞ்சிய அறையில், எலி ஏறாமல் மேசையின்மேல் இருக்கின்றன. மாரி விதைப்புக்கான காலபோகக் கூட்டம் புரட்டாசியில்.